பெரிய நடிகரா, சின்ன டிக்கெட்டா?



"பூட்டிக் கிடந்த நாடகக் கொட்டகைக்கு ரசிகர்களைத் திரும்பக் கூட்டி வருவது பெரிய நடிகரா, சின்ன டிக்கெட்டா?" இதுதான் தலைப்பு. நான் சின்ன டிக்கெட் கட்சி. என்னைப் பார்த்தாலே தெரியும், பெரிய டிக்கெட் வாங்குற முகமா இது? (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் அருமையாப் பேசினார். நியூயார்க்கைப் பாருங்கன்னார். பிராட்வேயைப் பாருங்கன்னார். கொரோனாவுக்குப் பிறகு பெரிய நடிகர்கள் மேடை ஏறினாங்க, 2024-25 சீசனில் 189 கோடி டாலர் வசூல், சரித்திரத்திலேயே இல்லாத வசூல்னு சொல்லிட்டுத் தண்ணி குடிச்சார். நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். கணக்கு சரிதான்.

ஆனா அண்ணன் வசூலைச் சொன்னாரே தவிர, தலையை எண்ணிச் சொன்னாரா? கொரோனாவுக்கு முன்னால், 2018-19 சீசனில் பிராட்வேக்கு வந்தவங்க ஏறக்குறைய 1 கோடியே 47 லட்சம் பேர். வசூல் 183 கோடி டாலர். ஆறு வருஷம் கழிச்சு, சாதனை படைச்ச சீசனில் வந்தவங்க எத்தனை பேர்? கிட்டத்தட்ட அதே 1 கோடியே 47 லட்சம். ஒரு தலை கூடலைங்க. கூடினது தலைக்கு வாங்கின காசு. இந்த ஆறு வருஷத்தில் தக்காளி விலை எவ்வளவு ஏறியிருக்குன்னு இங்க இருக்கிற தாய்மார்களைக் கேளுங்க, அந்தக் கூடுதல் வசூலுக்கு என்ன மதிப்புன்னு சொல்வாங்க. (கைதட்டல்)

2025-ல் டென்சல் வாஷிங்டன் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் நடிச்சார். மகா நடிகர், நான் இல்லேன்னு சொல்லலை. நல்ல நாற்காலி ஒண்ணு 921 டாலர். ஒருத்தருக்கு! புருஷன் பெண்டாட்டி சேர்ந்து போனா நம்ம ஊரில் ஒரு நல்ல பைக் வாங்கிடலாம். அதே சமயம் ஜார்ஜ் குளூனி இன்னொரு கொட்டகையில் நடிச்சார். அங்கேயும் கூட்டம் அலைமோதிச்சு. அப்புறம்? ரெண்டு நாடகமும் ஒரே நாளில், 2025 ஜூன் 8-ஆம் தேதி முடிஞ்சுது. மூணே மாசம். நடிகர் வீட்டுக்குப் போனார், அவரைப் பார்க்க வந்தவங்களும் வீட்டுக்குப் போனாங்க. வந்தது நடிகரைப் பார்க்க வந்த கூட்டம் ஐயா, நாடகம் பார்க்க வந்த கூட்டம் இல்லை. கல்யாண வீட்டுக்குச் சாப்பிட வர்றவருக்கும் சொந்தக்காரருக்கும் வித்தியாசம் இல்லையா?

அந்தக் கதவடைப்பு எப்படிப்பட்டதுன்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 2020 மார்ச் 12, வியாழக்கிழமை. அன்னைக்கு ராத்திரி 'சிக்ஸ்'னு ஒரு இசை நாடகத்துக்கு பிராட்வேயில் அரங்கேற்றம். எட்டாம் ஹென்றி ராஜாவின் ஆறு மனைவிகள் கதை. ஒரு மனைவி கதையே ராத்திரி முழுக்க ஓடும், ஆறு பேர் கதைன்னா கேக்கணுமா! (சிரிப்பு) சாயங்காலம் 5 மணியிலிருந்து கொட்டகை எல்லாம் மூடணும்னு அரசாங்க உத்தரவு வருது. அரங்கேற்றத்துக்குக் காத்திருந்த பெண்கள் அப்படியே வீட்டுக்குப் போனாங்க. ஒரு மாசத்துக்குத்தான் மூடறோம், ஏப்ரல் 12 வரைக்கும்னு சொன்னாங்க. அந்த அரங்கேற்றம் நடந்தது எப்போ தெரியுமா? 2021 அக்டோபர் 3-ஆம் தேதி.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு மேடை நடுவில் ஒரு கம்பத்தில் ஒரே ஒரு பல்பை எரிய விட்டுட்டுத்தான் பூட்டுவாங்க. இருட்டில் யாரும் மேடையிலிருந்து விழுந்துடக் கூடாதுன்னு. அதுக்குப் பேரே பேய் விளக்கு. ராத்திரிக்கு மட்டும் எரிய வேண்டிய விளக்கு, ஒன்றரை வருஷத்துக்கு அந்தத் தெரு நாடகங்களுக்கெல்லாம் அடையாளமாப் போச்சு.

2021 செப்டம்பரில் பெரிய நாடகங்கள் ஒவ்வொண்ணாத் திறந்தாங்க. 14-ஆம் தேதி 'ஹாமில்டன்', 'லயன் கிங்', 'விக்கெட்', 'சிகாகோ' எல்லாம் ஒரே நாளில். ஊசி போட்ட சான்றிதழைக் காட்டணும், முகத்தில் மாஸ்க் போடணும். திரை தூக்கினதுமே எழுந்து நின்னு கைதட்டினாங்களாம், ஒரு வசனம் பேசறதுக்கு முன்னாடியே! அது பாசம். ஆனா பாசம் முதல் வாரத்துக்குத்தான் வரும். மூணாவது வாரத்துக்கு யார் வர்றது?

பிராட்வேக்கு வர்றவங்களில் மூணில் ரெண்டு பங்கு வெளியூர்க்காரங்க. வெளிநாட்டுக்காரங்களும் அதில் உண்டு. நம்ம நாட்டிலிருந்து போறவங்களை 2021 மே மாசத்திலிருந்து நவம்பர் 8 வரைக்கும் அமெரிக்காவுக்குள்ளேயே விடலை. என் மகள் நியூஜெர்சியில் இருக்கா. கையில் விசா வச்சிக்கிட்டு நான் திருச்சியில் உட்கார்ந்திருந்தேன். அப்ப கொட்டகைக்காரர் யாரை நம்பணும்? உள்ளூர்க்காரரை. உள்ளூர்க்காரர் ஒன்றரை வருஷமா வீட்டில் சோபாவில் உட்கார்ந்து, மாசச் சந்தா கட்டி டி.வி.யில் படம் பார்த்துப் பழகிட்டார். அவரை எழுப்பி, சட்டை போட வச்சு, ரயிலேற்றிக் கூட்டி வரணும். 120 டாலருக்கு மேலே சராசரி டிக்கெட்டை வச்சுக்கிட்டு வாங்க வாங்கன்னா, எப்படி வருவார்?

2022 ஆகஸ்டில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனேன். பிள்ளை பிறந்து ஒரு மாசம் ஆனதும் மாப்பிள்ளை, "அத்தை, நீங்க இங்க வந்து ஒரு நாடகம்கூடப் பார்க்கலையே, போய்ட்டு வாங்க"ன்னார். டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு கவுண்டர் இருக்கு. 1973-லிருந்து நடக்குது. அன்னைக்கு ராத்திரி விற்காம இருக்கிற டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தள்ளிடுவாங்க. அதில் இருக்கிற புத்தியைப் பாருங்க. இன்னைக்கு விற்காத துணியை நாளைக்கு விற்கலாம். இன்னைக்கு ராத்திரி காலியாப் போன நாற்காலியை நாளைக்கு விற்க முடியுமா? அது மல்லிப்பூ மாதிரி. எட்டு மணிக்கு மேலே அதுக்கு விலை கிடையாது.

ஒரு மணி நேரம் வரிசையில் நின்னேன். ரேஷன் கடையில் நின்ன கால்தானே, நிக்கும். (சிரிப்பு) எனக்கு முன்னால் ஓகையோவிலிருந்து வந்த ஒரு பாட்டியம்மா, எனக்குப் பின்னால் ரெண்டு காலேஜ் பையன்கள். 'ஃபேன்டம் ஆஃப் தி ஆப்ரா' கிடைச்சுது. பாதி விலைன்னு பேர். அப்படியும் 70 டாலருக்குப் பக்கம் ஆச்சு. அன்னைக்குக் கணக்குக்கு ஐயாயிரத்தைந்நூறு ரூபாய்க்கு மேலே. மாப்பிள்ளை காசுதான், ஆனா நாடகம் முழுக்க நான் ரூபாயிலேயே பார்த்தேன். அந்தப் பெரிய சரவிளக்கு மேலேருந்து இறங்கி வருது, எல்லாரும் 'ஆ'ன்னு கத்தறாங்க, நான் மட்டும் 'இது ஒரு ஆயிரம் ரூபாய்க்குப் பெறும்'னு நினைச்சேன். (பலத்த சிரிப்பு)

நான் பார்த்துப் பத்துப் பதினைந்து நாள்கூட ஆகலை. அந்த நாடகத்தை மூடப் போறோம்னு அறிவிச்சாங்க. 1988-லிருந்து ஓடின நாடகம் ஐயா! வாரச் செலவே பத்து லட்சம் டாலரை நெருங்குது, கட்டுப்படியாகலைன்னாங்க. மூடறோம்னு போர்டு வச்சாங்களோ இல்லையோ, வந்துச்சு பாருங்க கூட்டம்! ஆடித் தள்ளுபடி கெட்டது. பிப்ரவரியில் மூட வேண்டியதை ஏப்ரலுக்குத் தள்ளி வச்சு, 2023 ஏப்ரல் 16-ஆம் தேதி 13,981-ஆவது காட்சியோட முடிச்சாங்க. சாவுக்கு வர்ற கூட்டம் காய்ச்சலுக்கு வரலையே.

எதிரணி இப்ப குறிப்பு எழுதிக்கிட்டிருக்காங்க. 'பாதி விலைக்கு வித்தும் மூடினாங்களே, உங்க கட்சி என்னாச்சு'ன்னு கேக்கப் போறாங்க. நானே சொல்லிடறேன். உயரமான மரத்தில் பாதி ஏறினாலும் உயரம்தான். ஒரு குடும்பத்தில் நாலு பேர் போகணும்னா பாதி விலையும் அவங்களுக்கு முழு விலைதான். அதுவும் அன்னைக்கு மத்தியானம் வந்து வரிசையில் நிக்க முடிஞ்சவங்களுக்கு மட்டும். தள்ளுபடி வேற, சின்ன டிக்கெட் வேற. சின்ன டிக்கெட்னா, இந்த விலைக்கு எனக்குன்னு ஒரு இடம் எப்பவும் இருக்குங்கிற நம்பிக்கை.

பெரிய நடிகரை நம்பினா என்ன ஆகும்? அதுக்கும் பிராட்வேதான் சாட்சி. 2021 டிசம்பர். 'மியூசிக் மேன்' நாடகம். ஹியூ ஜாக்மேன் கதாநாயகன். கதாநாயகி சட்டன் ஃபாஸ்டருக்குக் கொரோனா. அன்னைக்கு மத்தியானம் வேலைக்கு வந்த மாற்று நடிகை காத்தி வொய்ட்கோகிட்ட, ராத்திரி நீதான் கதாநாயகின்னு சொல்றாங்க. அந்தம்மா எட்டு வேஷத்துக்குப் பாடம் வச்சிருந்தவங்க. ஏறி நடிச்சுட்டாங்க. நாடகம் முடிஞ்சதும் ஜாக்மேனே மேடையில் அவங்களை முன்னால் நிறுத்தி, இவங்களை மாதிரி ஆட்கள்தான் பிராட்வேயின் அஸ்திவாரம்ங்கிற மாதிரி மனசு நெகிழ்ந்து பேசினார். பெரிய மனசு. அதுக்கு அடுத்த வாரம் அவருக்கே கொரோனா வந்துச்சு. என்ன பண்ணினாங்க? நாடகத்தையே சில நாள் நிறுத்திட்டாங்க. நாயகிக்குக் காய்ச்சல்னா நாடகம் நடக்குது, பெரிய நடிகருக்குக் காய்ச்சல்னா கொட்டகைக்கே காய்ச்சல்! (கைதட்டல்)

லண்டனில் அகதா கிறிஸ்டி எழுதின 'மவுஸ்ட்ராப்' 1952-லிருந்து ஓடுது. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் முதல் தடவையா நின்னுது, 2021 மே 17-ஆம் தேதி திரும்ப ஆரம்பிச்சுது. அதில் இப்ப நடிக்கிறது யார்னு எதிரணியில் யாராவது சொல்லுங்க பார்ப்போம். (நடுவர்: எனக்கே தெரியாதும்மா.) கொலை பண்ணினது யார்னு தெரிஞ்சுக்கத்தான் ஜனங்க வர்றாங்க ஐயா, நடிக்கிறது யார்னு பார்க்க இல்லை.

லண்டன்னு சொன்னதும் நினைவு வருது. கொரோனா என்ன கதவடைப்பு? ஒன்றரை வருஷம். அந்த ஊரில் 18 வருஷம் நாடகத்தை மூடி வச்சிருந்தாங்க. 1642-ல் உள்நாட்டுப் போர் சமயத்தில் பாராளுமன்றம் தடை போட்டது. 1660-ல் ராஜா இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்த பிறகுதான் கதவு திறந்தது. பதினெட்டு வருஷம்னா ஒரு தலைமுறை. நாடகம்னா என்னன்னே தெரியாத பிள்ளைகள் வளர்ந்து நிக்குது. அவங்களை எப்படிக் கூப்பிட்டாங்க?

புதுசா ரெண்டு காட்டினாங்க. ஒண்ணு, பெண்கள். அதுவரைக்கும் அங்கே பெண் வேஷத்தைப் பையன்கள்தான் போட்டாங்க. 1660 டிசம்பரில் ஒரு பெண் மேடை ஏறி நடிச்சா. அதே 'ஒத்தெல்லோ' நாடகம்தான், டெஸ்டிமோனா வேஷம். ரெண்டாவது, நகர்ற காட்சிப் படுதாக்கள். ஜனங்க வாயைப் பிளந்து பார்த்தாங்க. எதிரணி அண்ணன் சொல்ற பிரம்மாண்டம், நட்சத்திரம் எல்லாம் அன்னைக்கே வந்தாச்சு.

டிக்கெட்டை என்ன பண்ணினாங்கன்னு பாருங்க. ஷேக்ஸ்பியர் காலத்தில் குளோப் அரங்கில் நின்னு பார்க்க ஒரு பென்னி. ரெண்டு பென்னி கொடுத்தா மேலே உட்காரலாம். மூணு பென்னிக்கு மெத்தை உண்டு. மூட்டை தூக்குறவன், செருப்பு தைக்கிறவன், கடைப் பையன் எல்லாம் ஒரு பென்னி கொடுத்து மேடைக்குக் கீழேயே நிப்பான். 1660-க்குப் பிறகு திறந்த கொட்டகையில் அந்த இடமே கிடையாது. மேல்மாடியில் கடைசி இடம் ஒரு ஷில்லிங். அதாவது 12 பென்னி! ஒண்ணு, பன்னிரண்டாச்சு. வந்தவங்க யாரு? ராஜா வீட்டு ஆட்கள், அவங்களைப் பார்க்க வந்த ஆட்கள். அவ்வளவு பெரிய லண்டனில் ரெண்டே ரெண்டு கம்பெனிக்குத்தான் ராஜா அனுமதி கொடுத்தார். அந்த ரெண்டுக்கும்கூடக் கூட்டம் போதலை. 1682-ல் ரெண்டையும் ஒண்ணா இணைச்சுட்டாங்க. கம்பெனிக்குள்ளே சண்டை, நாட்டில் அரசியல் குழப்பம், அதெல்லாமும் காரணம்தான், மறைக்கலை. ஆனா ஒரு பென்னிக்காரனை வெளியே நிறுத்திட்டு நடத்தின கடை அது.

(நடுவர்: ஒரு பென்னிக்கு நாடகம் போட்டா நடிகருக்குச் சம்பளம் யாரும்மா கொடுக்கிறது?)

நல்ல கேள்வி ஐயா. எல்லா நாற்காலியையும் ஒரு பென்னிக்குக் கொடுங்கன்னு நான் சொல்லலை. 1996-ல் பிராட்வேயில் 'ரென்ட்'னு ஒரு நாடகம். வீட்டு வாடகை கட்ட முடியாத இளம் கலைஞர்கள் கதை. அதை எழுதின ஜொனாதன் லார்சன் முதல் காட்சிக்கு முன்னாலேயே இறந்துட்டார், 35 வயசு. ஏழைகள் கதையைப் பணக்காரங்களுக்கு மட்டும் போட்டுக் காட்டறதான்னு நினைச்ச தயாரிப்பாளர்கள், முன்னால் இருக்கிற ரெண்டு வரிசையை 20 டாலருக்கு, அன்னன்னைக்கு வர்றவங்களுக்குன்னு ஒதுக்கினாங்க. பின்வரிசை இல்லைங்க, முன்வரிசை! பிள்ளைகள் ராத்திரியே தெருவில் படுத்துக் கிடந்தாங்க. 12 வருஷம் ஓடிச்சு.

அப்புறம் 2015-ல் 'ஹாமில்டன்'. அமெரிக்காவின் பத்து டாலர் நோட்டில் இருக்கிறது அந்த ஹாமில்டன் படம்தான். அதனால் குலுக்கலில் பேர் வந்தா முன்வரிசை பத்தே டாலர். ஹாமில்டனைக் கொடுத்து ஹாமில்டனைப் பாருன்னாங்க! நம்ம ஊர் நோட்டில் காந்தி இருக்கார், யாரும் காந்தி நாடகத்துக்கு அந்தச் சலுகை கொடுக்கலை. (சிரிப்பு, கைதட்டல்) மீதி நாற்காலியை அவங்க எக்கச்சக்க விலைக்கு வித்தாங்க ஐயா. அந்தக் காசில் இந்த வரிசை ஓடிச்சு. தர்மமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இன்னைக்குப் பத்து டாலருக்கு உட்கார்ந்த பிள்ளை, வேலைக்குப் போனதும் நூறு டாலருக்கு உட்காரும். இல்லாட்டி அது எங்கேயும் உட்காராது.

கடைசியா என் வீட்டுக் கதையைச் சொல்லிடறேன். எங்க அண்ணன் திருச்சியில் ஒரு அமெச்சூர் நாடகக் குழு வச்சிருக்கார். நானும் அதில் முப்பது வருஷமா மாமியார் வேஷம். (சிரிப்பு) 2020 மார்ச்சில் நின்னது, 2022-ல்தான் திரும்பப் போட்டோம். ஷெட்டைத் திறந்தா செட்டுக் கதவெல்லாம் கரையான். நாற்காலி 400, டிக்கெட் 200 ரூபாய், வந்தவங்க 61 பேர். அதில் 19 பேர் எங்க சொந்தக்காரங்க. முன்னெல்லாம் தவறாம வர்ற வயசானவங்க சிலர் இப்ப இல்லை. இருக்கிறவங்களை ராத்திரியில் பிள்ளைங்க வெளியே விடறதில்லை. அண்ணன் மேக்கப்பைக்கூடக் கலைக்காம உட்கார்ந்து, "போதும்மா, இதோட விட்டுடலாம்"னார். எழுபத்திரண்டு வயசு மனுஷன் அழுது நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

எதிரணி அண்ணன் சொன்ன வைத்தியத்தையும் பண்ணிப் பார்த்தோம். ஒரு டி.வி. சீரியல் நடிகரைக் கூட்டி வந்தோம். ஹவுஸ்ஃபுல்! அவர் சம்பளம், கார், ஓட்டல், கூட வந்த ரெண்டு பேர் சாப்பாடு எல்லாம் போகக் கையில் நின்னது 1,140 ரூபாய். அடுத்த நாடகத்துக்கு அவர் இல்லை. வந்தவங்க 70 பேர்.

நான்தான் சண்டை போட்டேன். எங்க அப்பா தரை டிக்கெட்டில் உட்கார்ந்து டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகம் பார்த்துட்டு வந்து எங்களுக்கு நடிச்சுக் காட்டினதாலதான் நாம மேடைக்கே வந்தோம், அந்தத் தரை டிக்கெட்டை எங்கே ஒளிச்சு வச்சிருக்கேன்னு கேட்டேன். அண்ணன் பதில் சொல்லலை. கடைசி அஞ்சு வரிசை, நூறு நாற்காலி, 30 ரூபாய்னு போர்டு எழுதி வச்சோம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாசலில் விற்பனை.

முதல் தடவை 22 பேர். அடுத்தது 48. நாலாவது நாடகத்துக்கு 91. பக்கத்துத் தையல் கடைப் பெண்கள், ஹாஸ்டல் பிள்ளைங்க, ரெண்டு ஆட்டோக்காரர் குடும்பத்தோட. பின்னாடி சத்தமாச் சிரிக்க ஆரம்பிச்சதும் முன்னாடி 200 ரூபாய்க்காரங்களும் கூடினாங்க. காலி அரங்கில் சிரிக்க யாருக்குங்க தைரியம் வரும்? மூணு நாடகம் நஷ்டம், நாலாவதில் கைக்கும் வாய்க்கும் சரியாப் போச்சு.

அந்த அரங்கு வாசலில் ஒரு பூக்காரம்மா. பதினெட்டு வருஷமா அங்கே பூ விக்கிறாங்க, ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை. முப்பது ரூபாய் கொடுத்து வந்தாங்க. முடிஞ்சதும் அண்ணனை நிறுத்தி, "அண்ணே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அந்த ரெண்டாவது சீன் மட்டும் இழுக்குது"ன்னாங்க. (சிரிப்பு) முப்பது வருஷமா நாங்க சொல்லிக் கேக்காத மனுஷன், மறுநாள் அந்த சீனைப் பாதியா வெட்டினார்! (பலத்த கைதட்டல்)

நடுவர் ஐயா மணியில் கை வச்சுட்டார். அடுத்த மாசம் இரண்டாவது சனிக்கிழமை எங்க நாடகம். எதிரணி நண்பர்கள் அவசியம் வரணும். எவ்வளவு பெரிய நடிகரைக் கூட்டி வந்தாலும் சரி, கடைசி வரிசையில் அவருக்கும் அதே முப்பது ரூபாய்தான்.